தேறிவிட்டேனா என்று ஓடிப் பார்த்த ஓட்டங்கள்

அளவு மீறிப் பயிற்சி செய்து உடம்பைக் கெடுத்துக்கொண்டதால் நான் ஓட முடியாமல் இருந்தது மொத்தம் 14 மாதம். டாக்டர் முதலில் சொன்னது நான்கு மாதம்தான். மிச்சப் பத்து மாதமும், "இப்போ சரியாகியிருக்குமா" என்று நானே ஓடிப் பார்த்து ஓடிப் பார்த்துத் தொலைத்தது. அளவு மீறிப் பயிற்சி செய்யாதே என்று எச்சரிக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். மீறிக் கெட்ட பிறகு எப்படிக் காத்திருப்பது என்று எனக்குச் சொல்ல யாரும் இருக்கவில்லை. அந்தப் பத்து மாதம் வேறு யாருக்கும் போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வயது 38. ஓட ஆரம்பித்து நான்கு வருடம் ஆகியிருந்தது. முதல் மாரத்தானை 4 மணி 26 நிமிடத்தில் முடித்தேன். அடுத்ததை நான்கு மணிக்குள் முடித்தே ஆக வேண்டும் என்று மனதில் விழுந்துவிட்டது. 42.195 கிலோமீட்டரை நான்கு மணிக்குள் ஓட, ஒவ்வொரு கிலோமீட்டரையும் 5 நிமிடம் 41 வினாடிக்குள் தாண்ட வேண்டும். அந்த 5:41 தூக்கத்தில்கூட என் கண்முன் நிற்கும். 16 வாரத் திட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டேன். வாரத்துக்கு 40 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவள் ஆறே வாரத்தில் 75-க்குப் போனேன். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று சாப்பாட்டையும் குறைத்தேன். லாங் ரன் என்கிற நீண்ட தூர ஓட்டம் எல்லாம் வெறும் வயிற்றில். இதே சமயத்தில் அம்மாவுக்கு ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. ராத்திரி இரண்டு மூன்று முறை எழுந்து பார்க்க வேண்டியிருந்தது. என் பயிற்சி நோட்டில் கிலோமீட்டர் எல்லாம் தசம புள்ளியோடு இருக்கிறது, அம்மாவுக்காக விழித்த ராத்திரி ஒன்றுகூட இல்லை. ஓடிய களைப்பு, தூங்காத களைப்பு, கவலைப்பட்ட களைப்பு என்று உடம்பு தனித்தனியாகக் கணக்கு வைப்பதில்லை. எல்லாம் ஒரே கணக்கில்தான் ஏறும். இது எனக்கு ரொம்பத் தாமதமாகப் புரிந்தது.

ஈஸி ரன் என்று எழுதியிருந்த நாட்களில் நான் ஓடியது ஈஸியே இல்லை. என் அதிகபட்ச இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 184. ஈஸி ரன்னில் 155-க்குக் குறையவே மாட்டேன். மூச்சு வாங்காத ஓட்டம் எனக்கு ஓட்டமாகவே தோன்றாது. உலகத் தரத்தில் ஓடுகிறவர்கள், படகு வலிக்கிறவர்கள், சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஆகியோரின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீஃபன் சைலர், அவர்களுடைய பயிற்சி நாட்களில் ஏறக்குறைய 80 சதவீதம் சுலபமான வேகத்தில்தான் நடக்கிறது என்று காட்டினார். மீதிதான் கடினம். என்னுடையதில் சுலபமும் இல்லை, உண்மையான கடினமும் இல்லை. ஏழு நாளும் நடுத்தர வேகத்தில் அரைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் ஓட்டம் ஈஸியா என்று தெரிய வாட்ச் தேவையில்லை. ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தை நடுவில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள், தேவைப்பட்டால் நடங்கள்.

எட்டாவது வாரத்தில் அறிகுறிகள் ஆரம்பித்தன. காலையில் கண் விழித்ததும் 52 இருக்கும் துடிப்பு 58, 60, 61 என்று ஏறியது. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கமே வராது. பகல் முழுக்கத் தூக்கம் சொக்கும். சளி பிடித்தால் மூன்று வாரம் விடவில்லை. மகள் பென்சிலைக் கீழே போட்டதற்குக் கத்தினேன், கத்திவிட்டுப் பாத்ரூமில் போய் அழுதேன். மாதவிடாய் தள்ளிப்போனது, அடுத்த மாதம் வரவே இல்லை. கர்ப்பம் இல்லை என்று பார்த்துவிட்டு, நிறைய ஓடுகிறவர்களுக்கு இது சகஜம் என்று நானே முடிவு செய்துகொண்டேன். தயவுசெய்து இந்த ஒன்றை மட்டும் சகஜம் என்று விட்டுவிடாதீர்கள். செலவழிக்கிற சக்திக்கு ஈடாகச் சாப்பாடு போகவில்லை என்றால் உடம்பு முதலில் நிறுத்துகிற வேலைகளில் அது ஒன்று. அதோடு எலும்பும் பலவீனப்படும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதை 2014-லேயே ஒரு தனி உடல்நலச் சிக்கலாக வரையறுத்து, ஆண்களுக்கும் வரும் என்று சொல்லியிருக்கிறது. ஆண்களுக்கு மாதவிடாய் மாதிரி ஒரு வெளிப்படையான அடையாளம் இல்லை, உடலுறவில் ஆசை குறைவது, காலையில் ஆணுறுப்பு விறைப்பு இல்லாமல் போவது போன்றவற்றை வெளியே சொல்வதும் இல்லை. அதனால் இன்னும் தாமதமாகத்தான் தெரியவரும்.

அந்த வாரங்களின் நோட்டை இப்போது எடுத்துப் பார்த்தால் வயிறு பிசைகிறது. ஒன்பதாவது வாரம் செவ்வாய்க்கிழமை: "கால் கனம். சோம்பல். நாளை கூடுதலாக 4 கிமீ." வியாழன்: "மனசு பலமில்லை." ஞாயிறு: "28 கிமீ, கடைசி 6 நடந்தேன். வெட்கம்." உடம்பு சொன்ன ஒவ்வொன்றையும் போதுமான அளவு உழைக்கவில்லை என்றே எடுத்துக்கொண்டேன். வேகம் குறைந்ததற்குப் பயிற்சியைக் கூட்டினேன், கூட்டியதால் இன்னும் குறைந்தது. ஒரு நாள் விடிகாலையில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டு இருந்தபோது என் கணவர் சொன்னார்: "நீ ஓடப் போற மாதிரியே இல்ல. தண்டனை வாங்கப் போற மாதிரி கிளம்புற." கோபம் வந்தது. பதில் சொல்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனேன்.

பன்னிரண்டாவது வாரம், 32 கிலோமீட்டர் நாள். பதினேழாவது கிலோமீட்டரில் விநோதமாக ஒன்று நடந்தது. கால்கள் ஈரச் சாக்குமூட்டை மாதிரி இழுத்தன, மூச்சு தொண்டையில் கிடந்தது, உயிரைக் கொடுத்து ஓடுகிறேன். வாட்ச்சில் துடிப்பு 141. அந்த வேகத்தில் எனக்கு 165 இருக்கும். துடிப்பை அளக்கும் நெஞ்சுப் பட்டையைக் கழற்றி நனைத்து மறுபடி மாட்டினேன். 141, 139. எவ்வளவு முயன்றாலும் இதயம் மேலே ஏற மறுத்தது. துடிப்பு குறைவாக இருப்பது நல்லதுதானே என்று தோன்றலாம். காலையில் படுத்திருக்கும்போது குறைவாக இருந்தால் பொதுவாக நல்லது. உச்ச முயற்சியில் ஏறாமல் நிற்பது, உடம்பு ஒத்துழைப்பை நிறுத்திவிட்டது என்பதன் அடையாளம். சாலை ஓரத்தில் உட்கார்ந்தேன். எழ முடியவில்லை. கணவர் வந்து அழைத்துப்போனார். வீட்டு மாடிப்படி ஏறும்போது எட்டாவது படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாளே ஓடிப்போய் முழு உடல் பரிசோதனை எடுத்தேன். இதில்தான் முதல் பணம் வீணானது. கடுமையாக ஓடிய மறுநாள் ரத்தம் கொடுத்தால் தசையிலிருந்து கசிகிற நொதிகள் எகிறி நிற்கும். அவற்றில் இரண்டு, கல்லீரல் பரிசோதனையிலும் பார்க்கப்படுபவை. என் அறிக்கையில் கல்லீரல் வரிசையில் அந்த இரண்டும் சிவப்பு. ஸ்கேன், மறுபடி ரத்தம், இன்னொரு நிபுணர் என்று ஒரு மாதச் சம்பளத்தில் பாதி போனது, பத்து நாள் பயத்தில் போனது. கல்லீரலில் ஒன்றுமே இல்லை. இதற்கு நேர்மாறாக, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் முதல் அறிக்கையில் நார்மல் என்று வந்தது. கடுமையான உழைப்புக்கும் சளிக்கும் பிறகு அது பொய்யாக உயர்ந்து காட்டும். பத்து நாள் ஓய்வுக்குப் பின் எடுத்தபோது 14 தான் இருந்தது. ஆகவே அவசரம் இல்லாத பரிசோதனை என்றால், குறைந்தது நான்கைந்து நாள், முடிந்தால் ஒரு வாரம், கடினமான பயிற்சி இல்லாமல் இருந்துவிட்டுப் போங்கள். ஓடுகிறவர் என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், அது தைராய்டு அறிக்கையைக் குழப்பும். அவசரம் என்றால் இந்தக் காத்திருப்பு எதுவும் வேண்டாம். நெஞ்சு வலி, ஓடும்போது மயக்கம், தாறுமாறான துடிப்பு, காபி நிறத்தில் சிறுநீர், இதில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதலில் பார்த்த டாக்டர் "எல்லாம் நார்மல், ரெஸ்ட் எடுங்க" என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். இரண்டாவதாகப் பார்த்தவர் விளையாட்டு மருத்துவம் படித்தவர். அவர் நாற்பது நிமிடம் கேட்டார். என்ன சாப்பிடுகிறேன், எப்போது தூங்குகிறேன், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, கடைசி மாதவிடாய் எப்போது. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, தொற்று, இதயம், மனச்சோர்வு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்கினார். ஓவர்டிரெயினிங், அதாவது அளவு மீறிய பயிற்சியால் உடம்பு மீள முடியாமல் போவது, என்று உறுதிசெய்ய ஒரு தனி ரத்தப் பரிசோதனை கிடையாது, மற்றவற்றை விலக்கித்தான் அந்த முடிவுக்கு வர முடியும் என்றார். ஐரோப்பிய, அமெரிக்க விளையாட்டு மருத்துவ அமைப்புகள் 2013-ல் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையும் இதைத்தான் சொல்கிறது. அதில் மூன்று படிகள் உண்டு. சில நாளோ ஓரிரு வாரமோ ஓய்வெடுத்தால் முன்பைவிட நன்றாக ஓடவைக்கும் களைப்பு முதல் படி, பயிற்சியில் அது வேண்டியதுதான். வாரக்கணக்கிலிருந்து மாதக்கணக்கு வரை இழுத்து, எந்த லாபமும் தராத களைப்பு இரண்டாவது. பல மாதம் ஆகியும் மீளாமல், தூக்கத்தையும் மனதையும் ஹார்மோனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போவது மூன்றாவது. இதில் நமக்குப் பெரிய சிக்கல் என்னவென்றால், இரண்டாவதா மூன்றாவதா என்பது எத்தனை நாளில் தேறினோம் என்பதை வைத்துத் திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். "நீங்க ரெண்டாவதுல இருக்கீங்கன்னு நினைக்கிறேன். நாலு மாசம் பொறுமையா இருந்தா வந்துடலாம்" என்றார். ரெண்டாவதை மூன்றாவதாக ஆக்கியது என் கைங்கரியம்.

இரண்டு வாரம் ஓடவில்லை. தூக்கம் கொஞ்சம் வந்தது, முகத்தில் களை வந்ததாக அம்மாகூடச் சொன்னார். பதினைந்தாம் நாள் காலை ஒரு வேகம் பிறந்தது. பத்து கிலோமீட்டர் ஓடிப் பார்ப்போம், சரியாகியிருந்தால் தெரிந்துவிடும் என்று கிளம்பினேன். அற்புதமாக ஓடினேன்! கடைசி இரண்டு கிலோமீட்டரும் ஒவ்வொன்றும் 5:30-ல் வந்தது. வீட்டுக்கு வந்து கணவரிடம் "பார்த்தீங்களா" என்றேன். அன்று நன்றாக இருந்தேன். மறுநாளும் பரவாயில்லை. மூன்றாம் நாள் படுக்கையை விட்டு எழ முடியவில்லை. அந்தப் பத்து கிலோமீட்டருக்கு மூன்று வாரம் கொடுத்தேன். அது முடிந்ததும் திரும்ப ஆறு கிலோமீட்டர் ஓடிப் பார்த்தேன், திரும்ப இரண்டு வாரம் போனது. ஓய்வின் முதல் இரண்டு வாரத்தில் மேலோட்டமான களைப்பு விலகும், கால் லேசாகும். உள்ளே கெட்டது அப்படியே இருக்கும். லேசான காலை நம்பி ஓடினால் உள்ளே இருப்பது மறுபடி கிளறப்படும். விலை உடனே கேட்காது, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் கேட்கும். அதனால் ஓடிய அன்றைக்கு எப்படி இருந்தது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மூன்றாம் நாள் காலை எப்படி இருக்கிறது என்பதுதான் பதில்.

இதற்கு நேரெதிரான பயமும் வரும். ஓய்வின் முதல் சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கொஞ்சம் குறையும். அப்போது மெதுவாக ஓடினாலும் துடிப்பு எகிறும், எல்லாம் போய்விட்டது, நான்கு வருட உழைப்பு கரைகிறது என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். அது பயிற்சி ஆரம்பித்ததும் சில வாரத்தில் திரும்பி வந்துவிடுகிற விஷயம். பல வருடம் ஓடிய உடம்பு புதிதாக ஆரம்பிப்பவரைவிட வேகமாக மீளும். இந்த ஒன்று அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் இரண்டாவது சோதனையாவது நடந்திருக்காது.

நான் செய்ததிலேயே பெரிய தவறு ஐந்தாவது மாதத்தில். மாரத்தான் கட்டணம் திரும்ப வராது என்று ஆனபோதே அழுதிருந்தேன். அடுத்து வந்த ஓர் அரை மாரத்தானுக்கு, விழுவதற்கு முன்பே பணம் கட்டி வைத்திருந்தேன். கட்டின பணம் வீணாகக் கூடாது, மெதுவாக ஓடிவிட்டு வரலாம் என்று போனேன். கூட்டம், இசை, மார்பில் எண். மூன்றாவது கிலோமீட்டரிலேயே எல்லா உறுதியும் பறந்தது. 21 கிலோமீட்டரையும் முழு வேகத்தில் ஓடினேன். அடுத்த இரண்டரை மாதம், பாத்திரம் கழுவும்போது நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கட்டணத்தைக் காப்பாற்றப் போய், அதைப்போலப் பல மடங்கு பணத்தைச் சம்பளமில்லா விடுப்பில் இழந்தேன். தேறும் காலத்தில் எந்தப் பந்தயத்துக்கும் பெயர் இருக்கக் கூடாது. ஏற்கெனவே இருந்தால் அன்றைக்கு ஊரில் இருக்காதீர்கள்.

எட்டாவது மாதத்தில் வாட்ச்சைக் கணவரிடம் கொடுத்தேன். "நான் கேட்டாலும் தராதீங்க" என்றேன். ஓட்டக் குழுவின் செய்திகளை மியூட் செய்தேன். அந்த வாரம் ஒரு சாவு வீட்டில் இருப்பது போலிருந்தது. விடிகாலை 4:50-க்குத் தானாகக் கண் விழிக்கும், போவதற்கு இடம் இருக்காது. நான் யார் என்று கேட்டால் ஓடுகிறவள் என்றுதான் நான்கு வருடம் சொல்லியிருந்தேன். இந்த வருத்தத்தை யாரிடமாவது சொல்லுங்கள். நான் டாக்டர் சொல்லி ஒரு மனநல ஆலோசகரிடம் ஆறு முறை போனேன். செலவழித்த பணத்தில் ஒரு பைசாகூட வருத்தமில்லாதது அது மட்டும்தான்.

சாப்பாட்டைக் கூட்டினேன். டாக்டர் அனுப்பிய உணவியல் நிபுணர், முதலில் மாவுச்சத்தைத்தான் கூட்டச் சொன்னார். ஒரு மணி நேரம் மிதமாகப் பயிற்சி செய்கிறவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 5 முதல் 7 கிராம் வேண்டும் என்று கணக்கு. நான் பயிற்சி உச்சத்தில் இருந்தபோதே 3 கிராமைத் தாண்டவில்லை. வெறும் வயிற்றில் நடக்கக்கூடப் போவதில்லை என்று விதி வைத்தேன். இரும்பு மாத்திரை டாக்டர் எழுதிக் கொடுத்த அளவில், அவர் சொன்ன காலத்துக்கு மட்டும். இரும்பு கூடினாலும் கெடுதல், அதனால் பரிசோதிக்காமல் வாங்கிச் சாப்பிட வேண்டாம். மூன்று கிலோ எடை ஏறியது. பதினோராவது மாதம் ஒரு புதன்கிழமை மாதவிடாய் வந்தது. என்னிடம் உள்ள எந்த மெடலுக்கும் நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

திரும்பி வந்தது நடையில்தான். தினம் பத்து நிமிடம். ஒரு வாரம் மூன்றாம் நாள் காலைகள் எல்லாம் நன்றாக இருந்தால் ஐந்து நிமிடம் கூட்டுவேன், ஒரு காலை மோசமாக இருந்தாலும் கூட்ட மாட்டேன். காலையில் படுத்தபடி ஒரு நிமிடம், எழுந்து நின்று ஒரு நிமிடம் விரலால் துடிப்பு எண்ணுவேன். இரண்டுக்கும் உள்ள இடைவெளி வழக்கத்தைவிட அதிகமானால் அன்றைக்கு நடையும் இல்லை. தூக்கம், எரிச்சல், பசி மூன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று ஒரு வரி. உண்மையைச் சொன்னால், அந்த எரிச்சல் மதிப்பெண்தான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் எச்சரித்தது. 40 நிமிடம் நடக்க முடிந்த பிறகு நடுவில் ஒரு நிமிடம் ஓட்டம் சேர்த்தேன். ஒரு மணி நேரம் மெதுவாக ஓட முடிகிற வரை வேகம் என்ற பேச்சே எடுக்கவில்லை. இப்போதும் நான் எழுதுவது தூரத்தை அல்ல. கார்ல் ஃபாஸ்டர் என்ற ஆய்வாளர் பரவலாக்கிய எளிய முறை: ஓடிய நிமிடம், அது எவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்குப் பத்துக்குள் ஓர் எண், இரண்டையும் பெருக்க வேண்டும். 40 நிமிடம், கடினம் 3 என்றால் 120. வாரக் கூட்டுத்தொகை திடீரென்று எகிறக் கூடாது. இன்னொன்று, ஏழு நாளும் ஒரே மாதிரி எண் வரக் கூடாது. அம்மாவுக்கு உடம்பு முடியாத வாரத்தில் அதே ஓட்டத்துக்குக் கடினம் 5 என்று வருகிறது. என் பழைய நோட்டில் இடம் இல்லாத அந்த ராத்திரிகளுக்கு இதில் இடம் இருக்கிறது.

இந்த வாரம் நான்கு நாள் ஓடினேன், அதிகபட்சம் 60 நிமிடம். நேற்று முன்தினம் ஐம்பதாவது நிமிடத்தில் கால் பறந்தது, கடைசிக் கிலோமீட்டரை 5:41-ல் போட்டுப் பார்க்கலாமா என்று பழைய ஆசை வந்தது. நின்று, பத்து நிமிடம் நடந்து வீட்டுக்கு வந்தேன். மூன்றாம் நாள் காலை, இன்றைக்கு, படுத்தபடி 53. வாட்ச் இன்னும் கணவரிடம்தான் இருக்கிறது.